பெரம்பலூருக்கு லோடு எப்போது வரும்?

சென்னையிலிருந்து பெரம்பலூர் சுமார் 270 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் பெரம்பலூரில் இறங்கி டீ குடிக்கலாம். அதே சென்னையில் ஒரு கிடங்கில் இருக்கும் மிக்ஸி ஜாருக்கு ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டினால், "வியாழக்கிழமைக்குள் வந்து சேரும்" என்கிறது செயலி. ஆள் ஒரே ராத்திரியில் வந்துவிடுகிற தூரத்துக்கு ஜாருக்கு ஏன் நான்கு நாள்? புதனும் இல்லாமல் வெள்ளியும் இல்லாமல் வியாழன் என்று கணக்குப் போட்டது யார்?

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. கணக்குப் போட்டது ஒரு கணினி நிரல். இதே வழியில் இதற்கு முன் வந்த ஆயிரக்கணக்கான பார்சல்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன என்ற பதிவுகளைப் படித்துவிட்டு, இந்தப் பார்சலுக்கும் உத்தேசமாக ஒரு நாளைச் சொல்கிறது. இயந்திரக் கற்றல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அனுபவப்பட்ட லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர் இதே வேலையைத்தான் மனக்கணக்கில் செய்கிறார்: "சாயங்காலம் கிளம்புற வண்டியா? அப்ப நாளைக்குக் காலையிலதான் இறக்குவாங்க அண்ணே." அவருடைய தலையில் இருபது வருஷத்து லாரிகள் ஓடுகின்றன. நிரலின் தலையில் பல லட்சம் லாரிகள்.

முதல் கேள்விக்கு விடை சொல்ல, ஜாரோடு கொஞ்ச தூரம் போக வேண்டும்.

சாலையில் கழிவது கொஞ்ச நேரம்தான்

பார்சல் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் நேரே லாரி விடுவதில்லை, கட்டுப்படியாகாது. பெரிய நகரங்களில் மையம் வைத்து, எல்லாவற்றையும் அங்கே இறக்கிப் பிரித்து, கிளைகளுக்கு அனுப்புகின்றன. மையம் திருச்சியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜார் சென்னையில் ஒரு முறை ஸ்கேன் ஆகும். லாரி நிறையும்வரை காத்திருக்கும். ராத்திரி கிளம்பிய லாரி உளுந்தூர்ப்பேட்டை வந்து, தேசிய நெடுஞ்சாலை 38-ல் திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டி, பெரம்பலூரை உரசிக்கொண்டே போய், சமயபுரம் கடந்து திருச்சிக்குள் நுழையும். நீங்கள் தூங்கும்போது உங்கள் ஜார் உங்கள் ஊரைத் தாண்டிப் போயிருக்கும். திருச்சியில் பின்கோடு பார்த்துப் பிரிப்பார்கள். பிறகு வேறொரு வண்டியில் ஏறி, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் வந்த வழியே திரும்பும். பெரம்பலூர் கிளையில் இன்னொரு முறை பிரிப்பு: இது வேப்பந்தட்டைப் பக்கம், இது குன்னம் பக்கம், இது டவுன். அதன் பிறகுதான் பைக்கில் ஒருவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

இந்த நான்கு நாளில் சக்கரம் உருண்ட நேரத்தைக் கூட்டினால் அரை நாளைத் தாண்டாது. மிச்சமெல்லாம் காத்திருப்பு. டெலிவரி நேரத்தைக் கணிப்பது என்றால் பெரும்பாலும் காத்திருப்பைக் கணிப்பது என்று பொருள். வரைபடத்தில் நீலக் கோடு காட்டும் செயலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு ஊரறிந்த சான்று ஒன்று இருக்கிறது. டெல்லிவரி (Delhivery) என்ற பார்சல் நிறுவனத்தின் 2018 செப்டம்பர், அக்டோபர் மாத லாரிப் பயணப் பதிவுகள், ஏறத்தாழ 1.44 லட்சம் வரிகள், தரவு அறிவியல் படிக்கும் மாணவர்கள் கையில் பயிற்சிக்காகப் புழங்குகின்றன. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள் உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்துப் பாதை கணக்கிடும் ஓ.எஸ்.ஆர்.எம். என்ற கட்டற்ற மென்பொருள் "இவ்வளவு நேரம் ஆக வேண்டும்" என்று சொன்னது ஒன்று. உண்மையில் ஆன நேரம் இன்னொன்று. சராசரி எடுத்தால், ஆன நேரம் சொன்ன நேரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. நெரிசல் இல்லாத சாலையில் நிற்காமல் போகிற வண்டிக்கு அது கணக்குப் போட்டது. லாரி அப்படியா போகிறது? டீக்கடையில் நிற்கும், செக்போஸ்ட்டில் நிற்கும், முன்னால் வந்த வண்டி லோடு இறக்கி முடிக்கும்வரை மையத்தின் வாசலில் நிற்கும்.

அரசாங்கமும் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. சரக்கு லாரியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். 2021-க்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். நாடு முழுக்க ஒரே விதி. ஆடி மாதமும் ஐப்பசி மழையும் அதற்கு ஒன்றுதான். கெடு விதிக்க அது போதும். கொத்தனாரை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

சிமெண்ட் லோடு ஒன்று

கொத்தனார் என்றதும் அரியலூருக்குப் போய்விடலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் மூடியிருந்த மண் அது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பி டான்செம், டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து பெரம்பலூர் ஹார்டுவேர் கடைக்கு ஒரு லோடு சிமெண்ட் வர வேண்டும். தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். முக்கால் மணி நேரப் பாதை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் லாரியை விட்டால் வேறு வழியும் இல்லை.

கான்கிரீட் போடும் நாளில் சிமெண்ட் தாமதமானால் என்ன ஆகும் என்று வீடு கட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலவை இயந்திரம் வாடகைக்கு நிற்கும், பதினைந்து இருபது பேர் கூலிக்கு உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரர் ஆலைக்கு போன் போடுவார். "வண்டி கிளம்பிடுச்சு" என்று பதில் வரும். எங்கே கிளம்பியது? வரிசையில் கிளம்பியதா, வாசலைத் தாண்டியதா? ஆலைக்குள் டோக்கன், காலி எடை, லோடு, நிறை எடை, பில், தார்ப்பாய் கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முக்கால் மணி நேரப் பாதைக்கு அரை நாள் ஆவது இங்கேதான்.

இதைக் கணிக்க ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஓர் அட்டவணை வேண்டும். ஒரு லோடுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் டோக்கன் வாங்கும்போதே நமக்குத் தெரிந்திருக்கும் செய்திகள்: என்ன கிழமை, டோக்கன் வாங்கிய மணி, அப்போது முன்னால் நின்ற வண்டிகள் எத்தனை, மழையா இல்லையா, கடையில் லோடுமேன்கள் எத்தனை மணிவரை இருப்பார்கள். கடைசிக் கட்டத்தில் விடை: மொத்தம் ஆன மணி நேரம். இப்படிச் சில ஆயிரம் வரிகளைக் காட்டினால், எந்தச் செய்தி விடையை எவ்வளவு நகர்த்துகிறது என்று நிரல் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? தளவாடத் துறையில் அதிகம் புழங்கும் முறைக்கு அடிப்படை, முடிவு மரம். அது கேள்விகள் கேட்டுக்கொண்டே பிரிந்து போகும். "டோக்கன் மாலை 4 மணிக்குப் பிறகா?" ஆம் என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் இன்னொரு கிளை. எந்த நேரத்தில் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தமக்குள் ஒத்த நேரங்கள் சேருகின்றனவோ அந்த நேரத்தை நிரலே தேடிப் பிடிக்கும். இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், 3.30-க்கு டோக்கன் வாங்கிய வண்டி அன்றே இறக்கிவிட்டுத் திரும்பும், 4.30-க்கு வாங்கிய வண்டி கடைக்கு வரும்போது லோடுமேன்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மறுநாள் காலைதான் இறக்கம். ஒரு மணி நேர வித்தியாசம் பதினான்கு மணி நேரமாக வளர்கிறது. தூரத்தை வேகத்தால் வகுக்கும் பள்ளிக்கூடக் கணக்கில் இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது.

ஒற்றை மரம் முரடாகத்தான் கணிக்கும். அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான சிறு மரங்களை வளர்க்கிறார்கள். முதல் மரம் ஒரு விடை சொல்லும். அது எங்கெங்கே எவ்வளவு தவறியது என்பதை மட்டும் இரண்டாவது மரம் கற்கும். இரண்டாவதும் விட்ட பிழையை மூன்றாவது கற்கும். இறுதியில் எல்லாவற்றையும் கூட்டினால் விடை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரோம் ஃபிரீட்மன் 2001-ல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். தியான்சி சென்னும் கார்லோஸ் கெஸ்ட்ரினும் 2016-ல் விவரித்த எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இலவச மென்பொருள் அதைச் சாதாரணக் கணினிக்கே கொண்டுவந்துவிட்டது.

வரைபடத்தைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. ஊபர் 2022-ல் தன் முறையை விளக்கியபோது சொன்னது இதுதான்: சாலைக் கணக்கு போடும் இயந்திரம் ஒரு நேரத்தைச் சொல்லட்டும், அதற்கும் உண்மைக்கும் நடுவே விழும் இடைவெளியை மட்டும் கற்றல் நிரல் கணிக்கட்டும். சாலை பற்றித் தெரிந்ததை மறுபடி முதலிலிருந்து கற்பிப்பானேன்? அரியலூர் லோடுக்கும் இதே வழிதான் சரி. முக்கால் மணி நேரத்தை வரைபடம் சொல்லும்; மீதியை அனுபவம் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது; புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் விழுவது இதில்தான். டோக்கன் வாங்கும்போது தெரியாத செய்தி எதையும் அட்டவணையில் சேர்க்கக் கூடாது. நிறை எடை போட்ட மணியைச் சேர்த்துவிட்டால் பழைய பதிவுகளில் கணிப்பு அற்புதமாகப் பொருந்தும். ஆனால் டோக்கன் வாங்கும் வேளையில் அந்த மணி யாருக்குத் தெரியும்? விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. சோதிக்கும்போதும் காலவரிசை மாறக் கூடாது: தை முதல் ஆவணி வரையிலான பதிவுகளில் கற்பித்து, புரட்டாசி, ஐப்பசி லோடுகளில் சோதித்துப் பார்ப்பதே முறை.

எந்த எண்ணைச் சொல்வது?

கணித்தாகிவிட்டது. கடைக்காரரிடம் எந்த நேரத்தைச் சொல்வது? இது கணிதத்தைவிட வியாபாரம் சார்ந்த கேள்வி. பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கணக்குக்காகப் பத்து லோடுகள். டோக்கன் முதல் கடை வாசல் வரை ஆன மணி நேரம் 3, 3, 4, 4, 4, 5, 5, 6, 9, 12. கூட்டினால் 55; சராசரி ஐந்தரை மணி நேரம். "ஐந்தரை மணி நேரத்தில் வரும்" என்று சொன்னால் பத்தில் மூன்று லோடு சொன்ன நேரத்துக்குப் பிறகு வரும். "ஒன்பது மணி நேரம்" என்று சொன்னால் ஒன்றுதான் தப்பும். ஆனால் பல நாள் வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும், இறக்க ஆள் இருக்காது.

இரண்டுக்கும் விலை போடுங்கள். லோடு தாமதமானால் மணிக்கு 500 ரூபாய் நஷ்டம், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தால் மணிக்கு 100 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். ஐந்தரை மணி என்று சொன்னால் பத்து லோடுக்கும் சேர்த்து நஷ்டம் 6,300 ரூபாய். ஒன்பது மணி என்று சொன்னால் 5,300. தாமதம், அவசரம் இரண்டுக்கும் ஒரே 100 ரூபாய் என்றால் கதை தலைகீழ்: நடுவில் விழும் நான்கரை மணிதான் மலிவு, 1,900 ரூபாய், ஒன்பது மணிக்கு 4,100 ஆகிறது. அதே பத்து லோடு, அதே நேரங்கள். சொல்ல வேண்டிய எண் மட்டும் மாறுகிறது, யாருக்கு எது வலிக்கிறது என்பதைப் பொறுத்து.

செயலி காட்டும் வியாழக்கிழமையும் இப்படிச் சாய்த்துச் சொல்லப்படும் எண்ணாக இருக்கலாம். புதனே வந்துவிட்டால் நீங்கள் மகிழ்வீர்கள்; வெள்ளி வந்தால் திட்டுவீர்கள். எனவே நிறுவனம் ஒரு நாள் கூட்டிச் சொல்லும். மிகவும் கூட்டிச் சொன்னால் நீங்கள் வாங்காமலே போய்விடுவீர்கள் என்பதால் குறைத்தும் சொல்லும். ஊபர் தன் கணிப்பில் தாமதப் பிழைக்கும் அவசரப் பிழைக்கும் வேறு வேறு எடை போடும் வசதியை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறது. ஆகவே திரையில் தெரியும் நாள் வெறும் கணிப்பு என்று நினைக்க வேண்டாம். கணிப்போடு வியாபாரியின் கணக்கும் அதில் கலந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் ஒற்றை எண் சொல்வதையே விட்டுவிடலாம். "காலை 10-லிருந்து 1-க்குள், பத்துக்கு ஒன்பது முறை" என்று சொல்வது கேட்பவருக்கு உதவும். நிரலுக்கும் அது கடினமில்லை. அதே மரங்களைக் கீழ் எல்லைக்கு ஒரு முறையும் மேல் எல்லைக்கு ஒரு முறையும் கற்பித்தால் போதும். பல நிறுவனங்கள் ஏன் செய்வதில்லை? அகலமான இடைவெளி திறமைக் குறைவு போலத் தெரிகிறது. உண்மையில் அது நேர்மை.

இந்த ஊர்ச் சாலைக்குத் தெரிந்தவை

பெங்களூரிலோ குர்கானிலோ உட்கார்ந்து எழுதப்படும் நிரலுக்கு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பழக்கவழக்கம் யாரும் சொல்லாமல் தெரியாது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். பெரம்பலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. கிழமை என்ற ஒரு கட்டம் அட்டவணையில் இருந்தால், அந்த இரண்டு நாளின் நெரிசலை நிரல் தானே பிடித்துக்கொள்ளும். கோயில் பற்றி அதற்கு ஒன்றும் தெரிய வேண்டாம். ஆடி, தை வெள்ளிகளில் கூட்டம் இன்னும் கூடும். அதை ஆங்கில மாதத்தை வைத்துப் பிடிப்பது சிரமம். தமிழ் மாதத்தை ஒரு கட்டமாகச் சேர்த்தால் காரியம் எளிது. சமயபுரத்துச் சித்திரைத் தேருக்கும் அதே மருந்து.

மக்காச்சோள அறுவடை வந்தால் உள்சாலைகளில் பாதி அகலத்துக்குச் சோளம் காயும். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் டிராக்டர்கள் ஊர்ந்து போகும். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள். பள்ளி நேரத்தில் அவற்றை ஓட விடாதீர்கள் என்ற கோரிக்கை அங்கே பழையது; எந்தச் சாலையில் எந்த மணிக்குக் கனரக வண்டி நிறுத்தப்படும் என்பதும் நிரலுக்குத் தெரிய வேண்டிய செய்தி. தெற்கே தஞ்சாவூருக்குப் போக வேண்டுமானால் கொள்ளிடத்தைக் கடக்காமல் முடியாது. திருமானூர்ப் பக்கமோ அணைக்கரைப் பக்கமோ ஒரு பாலத்தில் வேலை நடந்தால் எல்லா லாரியும் இன்னொன்றை நோக்கித் திரும்பும். வரைபடம் ஒரே நாளில் பொய்த்துப் போகும் இடங்கள் இவை.

நகரங்களில் இந்தச் சிக்கலுக்கு வேறு வைத்தியம் பார்த்தார்கள். கூகுள் மேப்ஸ், டீப்மைண்ட் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து, அடுத்தடுத்த சாலைத் துண்டுகளை ஒரு வலைப்பின்னலாகக் கற்பித்தது. ஒரு துண்டில் நெரிசல் என்றால் பக்கத்துத் துண்டுக்கு அது எப்போது பரவும் என்று பார்க்கும் முறை. 2020-ல் இதை அறிவித்தபோது பெர்லின், ஜகார்த்தா, டோக்கியோ, சிட்னி போன்ற நகரங்களில் தவறான கணிப்புகள் 50 சதவீதம்வரை குறைந்ததாகச் சொன்னார்கள். ஒவ்வொரு கணமும் ஆயிரக்கணக்கான போன்கள் நகரும் ஊர்களுக்கு அது பொருந்தும். செந்துறையிலிருந்து ஒரு கிராமத்துக்குப் போகும் சாலையில் அந்த நேரத்தில் இரண்டு போன்கள் நகர்ந்தால் அதிகம்.

நம் நெடுஞ்சாலைக்குக் கைகொடுக்கக்கூடியது ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம். திருமாந்துறையில் ஒரு மணி, சமயபுரத்தில் ஒரு மணி பதிவாகிறது. இரண்டுக்கும் நடுவே வண்டி எவ்வளவு நேரம் எடுத்தது என்பது ஓட்டுநரிடம் கேட்காமலே தெரியும். 2022 செப்டம்பரில் தேசிய தளவாடக் கொள்கையோடு தொடங்கிய யூலிப் தளம், ஃபாஸ்டேக், வாகனப் பதிவு போன்ற அரசுத் தரவுகளைப் போக்குவரத்து நிறுவனங்கள் அனுமதி பெற்று எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. "வண்டி பாடாலூர் தாண்டிருச்சு" என்று சொல்வதை இனி சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைசி ஐந்து கிலோமீட்டர் வேறு மாதிரிச் சிக்கல். 1972-ல் வந்த பின்கோடு ஒரு தபால் நிலையத்தைக் காட்டும். அதன் கீழ் எத்தனையோ ஊர்கள் இருக்கும். கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று இரட்டை ஊர்கள் உண்டு. ஒரே ஊரை ஒருவர் ஜெயங்கொண்டம் என்பார், இன்னொருவர் ஜெயங்கொண்டசோழபுரம் என்பார். மாவட்டப் பெயரோ இன்னும் வேடிக்கை. இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-ல் அரியலூர் தனியானது, 2002-ல் மறுபடி இணைந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. மூன்று மாவட்டப் பெயர்களும் இன்றும் மனிதர்களின் முகவரிகளில் உயிரோடு இருக்கின்றன. தபால் துறை 2025-ல் ஐ.ஐ.டி. ஹைதராபாத்துடனும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையத்துடனும் சேர்ந்து கொண்டுவந்த டிஜிபின், ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரத்துக்கு பத்து இடக் குறியீடு ஒன்றைத் தருகிறது. மக்கள் அதைப் பழகிக்கொண்டால் "மாரியம்மன் கோயில் எதிரில்" என்பதோடு கணினிக்குப் புரிவதும் ஒன்று கிடைக்கும்.

பதிவு பொய் சொன்னால்

நிரல் கற்பது நடந்ததை அல்ல, நடந்ததாகப் பதிவானதை. இந்த வேறுபாடு பல கணிப்புகளைக் கவிழ்க்கிறது. பச்சமலை அடிவாரத்தில் சிக்னல் இல்லாமல் டெலிவரி செய்தவர், டவுனுக்கு வந்த பிறகு இருபது பார்சலையும் ஒரே நேரத்தில் "கொடுத்தாயிற்று" என்று அழுத்துவார். நிரலுக்கு அந்த இருபதும் மாலை 6.10-க்குப் போய்ச் சேர்ந்தவை. இலக்கு நெருக்கும் நாளில் போகாத வீட்டுக்கும் "வாடிக்கையாளர் இல்லை" என்று ஒரு பதிவு விழலாம். அதையும் நிரல் நம்பும். அந்தத் தெருவில் ஆட்கள் வீட்டில் இருப்பதில்லை என்று கற்றுக்கொள்ளும்.

பழைய பாடம் செல்லாமல் போகும் காலமும் உண்டு. 2020 ஊரடங்கில் சாலைகள் காலியானபோது, கூகுள் தன் நிரலைத் திருத்தி, கடைசி இரண்டு முதல் நான்கு வாரப் போக்குவரத்துக்கு முன்னுரிமை கொடுத்து, அதற்கு முந்தியதைப் பின்னுக்குத் தள்ளியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது போன்ற நாட்களில் பெரம்பலூரில் வெயில் அடித்தாலும் பார்சல் வராது. பழைய பதிவுகளை மட்டும் படித்த எந்த நிரலும் அதை முன்கூட்டிச் சொல்லாது. கிடங்கில் இருப்பவர் போன் செய்து சொன்னால்தான் தெரியும். கணிப்பை மனிதர் கையால் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இல்லாத அமைப்பை நம்பக் கூடாது.

எனக்கு உறுத்தும் விஷயம் இன்னொன்று. பழைய பதிவுகளில் விரைவாக வந்த லாரிகள் எப்படி விரைவாக வந்தன? சிலவற்றை ஓட்டுநர் தூங்காமல் ஓட்டியிருப்பார். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும் 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு என்றும் வகுத்தது. நிரலுக்குச் சட்டம் தெரியாது. தூங்காத இரவுகளை அது இயல்பான வேகம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த ஓட்டுநருக்கு அதையே கெடுவாக நீட்டும். பிந்தினால் சம்பளம் பிடிப்பு. கணிப்பு சாட்டையாக மாறுவது இப்படித்தான். ஓய்வு நேரத்தைக் குறைந்தபட்ச அளவாக முதலிலேயே கூட்டிவிட்டுப் பிறகு கணிக்க வைப்பது நிறுவனங்களின் கடமை. செய்வது கடினமும் இல்லை, ஒரு வரி நிரல்தான். டெலிவரி வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்திருக்கிறது. கெடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்கும் உரிமையையும் அது பேசினால் நல்லது.

நம் ஊர் லாரி உரிமையாளருக்கு

பத்து லாரி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் எட்டாக்கனி என்று தோன்றலாம். அப்படியில்லை. ஆனால் மென்பொருளில் தொடங்கக் கூடாது. ஒரு நோட்டில் ஐந்து நேரங்களை எழுதச் சொல்லுங்கள்: ஆலை வாசலுக்கு வந்தது, லோடு ஏற்றத் தொடங்கியது, கிளம்பியது, இறக்குமிடம் வந்தது, இறக்கி முடித்தது. ஆறு மாதம் எழுதினால் சில நூறு லோடுகள் சேரும். ஆலைவாரியாக, கிழமைவாரியாக நடுவில் விழும் நேரத்தை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்; எந்த ஆலையில் எத்தனை மணிக்குப் பிறகு போகக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். லாரி காத்துக்கிடந்ததற்கு ஹால்ட்டிங் காசு கேட்கும்போது கையில் ஆதாரமும் இருக்கும்.

அதன் பிறகு, கணினி படிக்கிற பிள்ளை வீட்டிலோ பக்கத்துக் கல்லூரியிலோ இருந்தால் அந்த நோட்டைக் கொடுங்கள். வேண்டிய மென்பொருள் எல்லாம் இலவசம். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: அடுத்த மாத லோடுகளில், சுவரில் ஒட்டிய தாளைவிட நிரல் குறைவாகத் தவற வேண்டும். இல்லாவிட்டால் பணம் செலவழிக்காதீர்கள், தாளே போதும். விற்க வரும் நிறுவனத்திடமும் இதே சோதனையைக் கேளுங்கள். "எங்கள் துல்லியம் இத்தனை சதவீதம்" என்று சொன்னால், "எங்க நோட்டுக் கணக்கைவிட எவ்வளவு மேல்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் பார்சலுக்குக் காத்திருப்பவர்கள், முகவரியில் இப்போதைய மாவட்டத்தையும், சரியான பின்கோடையும், எடுக்கிற போன் எண்ணையும் போடுங்கள். கான்கிரீட் போடுகிறவர்கள் சிமெண்டை முதல் நாளே இறக்கிவிடுங்கள். அதற்கு எந்தக் கணிப்பும் ஈடாகாது.